நகரம் நரகமாகும் நிரல்

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு சொல்லை வாங்க வேண்டும். அதன் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் இருப்பவற்றைக் கலைத்துப் போட்டு அச்சிட வேண்டும். ஆங்கிலச் சொல்லானால் பைத்தான் மொழியில் ஐந்தாறு வரி போதும். சரத்தை வெட்டுவது, பட்டியலாக்குவது, குலுக்குவது, திரும்ப ஒட்டுவது என்று நான்கைந்து அடிப்படைகள் ஒரே மூச்சில் பழகிவிடும். முடிவைப் பார்த்ததும் சிரிப்பும் வரும். அதனால்தான் ஆசிரியர்கள் இதை விடுவதில்லை.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வதந்தியும் இருக்கிறது. நடு எழுத்துகள் எப்படிக் கலைந்திருந்தாலும் மனிதர்கள் சிரமமில்லாமல் படித்துவிடுவார்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று 2003 செப்டம்பரில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. அங்கேயே மொழியும் மூளையும் பற்றி ஆராய்ந்துவந்த மாட் டேவிஸ் அதைத் தேடிப் போய், பொய்யையும் மெய்யையும் பிரித்து எழுதினார். மெய்யான வேர், கிரஹாம் ராலின்சன் 1976இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. பிறகு 2006இல் கீத் ரெய்னரும் உடன் ஆய்வாளர்களும் கண்ணசைவை அளந்து பார்த்தார்கள். சொல்லின் நடுவே எழுத்து இடம் மாறினால் படிக்கும் வேகம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தது. சொல்லின் தொடக்கத்தில் மாறினால் 36 சதவீதம் குறைந்தது. சிரமம் இல்லாமல் இல்லை. ஹீப்ரு மொழியில் நிலைமை இன்னும் மோசம் என்று வேலன், ஃபிராஸ்ட் என்ற இருவர் 2007இல் காட்டினார்கள். அந்த மொழியில் வேர்ச்சொல்லின் மெய்கள் இடம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். ஆகவே எழுத்தைக் கலைப்பதன் விளைவு மொழிக்கு மொழி மாறுகிறது. நிரலும் மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இதைப் பேசக் கேரளத்தின் தமிழ் ஓரங்களைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று கிழக்கு ஓரம் நெடுகத் தமிழ் பேசும் ஊர்கள். இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி, வண்டிப்பெரியாறு. இங்கெல்லாம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேரளத்தின் கல்வி ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல் வெளியிடுகிறது. கணினிக் கல்வியிலும் அந்த மாநிலம் முந்திக்கொண்டது. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் வந்தன. பள்ளிக் கணினிகளில் உபுண்டு அடிப்படையிலான கட்டற்ற இயங்குதளம் ஓடுகிறது. பத்தாம் வகுப்பில் பைத்தான் வரைகலை பல ஆண்டுகள் ஒரு பாடமாகவே இருந்தது. தமிழ் இலக்கணமும் பைத்தானும் ஒரே பிள்ளையின் புத்தகப்பையில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பதுதான் கேள்வி.

கோவிந்தாபுரம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழாசிரியர் கேட்டால் ஏழு எழுத்து: கோ, வி, ந், தா, பு, ர, ம். பைத்தானிடம் நீளம் கேட்டால் 13 என்கிறது. அது எண்ணுவது எழுத்தை இல்லை, யூனிகோட் குறியீட்டெண்களை. கோ என்பது அதற்கு ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. வி இரண்டு. ந் என்பது நகரமும் புள்ளியும். புள்ளி, துணைக்கால், விலங்கு என்று தமிழ்ப் பிள்ளைகள் எழுத்தின் உறுப்பாகக் கற்பவை எல்லாம் கணினிக்குத் தனித்தனி ஆள்கள்.

ஆங்கிலத்துக்கு எழுதிய அதே நிரலை இதன்மேல் ஓட்டினால் திரையில் வருவது இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கும்: காநு◌ோவதி◌்பமர். முதலையும் கடைசியையும் தொடாதே என்று சொன்னோம். நிரல் கீழ்ப்படிந்துதான் இருக்கிறது. அதைப் பொறுத்தவரை முதலில் இருப்பது க, கடைசியில் இருப்பது வெறும் புள்ளி. ஆனால் நம் கண்ணுக்குக் கோ போய்க் கா வந்துவிட்டது, ம் போய் ர் வந்துவிட்டது. நடுவே ஓகாரக் குறியும் ஒரு புள்ளியும் ஏறி உட்கார மெய்யில்லாமல் புள்ளிவட்டத்தின் மேல் தொங்குகின்றன. அந்தப் புள்ளிவட்டம் எழுத்துருவின் முறையீடு: குறி வந்துவிட்டது, அதைத் தாங்கும் எழுத்து எங்கே என்று கேட்கிறது.

புள்ளிவட்டம் தெரிந்தால் தவறு கையோடு பிடிபடும். பிடிபடாத தவறுதான் ஆபத்து. மறையூரைப் பாருங்கள். ம, றை, யூ, ர் என்று நான்கு எழுத்து; ஏழு குறியீட்டெண். இருமுனையையும் நிறுத்தி நடு ஐந்தைக் கலைத்தால் 120 வரிசைகள் கிடைக்கும். அவற்றில் 84 வரிசைகளில் எங்கேனும் ஒரு குறி அநாதையாக நிற்கும். மீதி 36 பார்வைக்குச் சுத்தமான தமிழ். 'மைறூயர்' அவற்றில் ஒன்று. புள்ளிவட்டம் இல்லை, பிழைச்செய்தி இல்லை. நிரல் சரியாக ஓடியதாகவே பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆனால் அதில் மை இருக்கிறது, றூ இருக்கிறது; மூலச்சொல்லில் இரண்டும் கிடையாது. நிரல் எழுத்தைக் கலைக்கவில்லை. உயிர்க்குறிகளைப் பிய்த்து வேறு மெய்களில் ஒட்டிவிட்டது. அந்த 36இல் ம, றை, யூ, ர் என்னும் நான்கையும் குலைக்காமல், முதலும் கடைசியும் பெயராமல் வருபவை இரண்டே: மறையூர், மயூறைர். மற்ற 34உம் போலி.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. பலகை என்ற சொல்லில் எழுத்து மூன்று. நடுவில் ஒன்றுதான் இருப்பதால் கலைப்பதற்கே எதுவும் இல்லை. அந்த நிரலோ பலகையைப் 'பகலை' ஆக்கிக் கொடுக்கும். 'பகலை இரவாக்கினான்' என்று வாக்கியத்திலேயே பயன்படுத்தக்கூடிய நல்ல தமிழ். கை என்ற எழுத்தில் ஐகாரம் இருந்தது, அது லகரத்துக்கு மாறிவிட்டது. இதைத் தவறு என்று சொல்ல அகராதியாலும் முடியாது. எழுத்திலக்கணம் தெரிந்த கண்ணால்தான் முடியும்.

கணினி ஏன் இப்படி எண்ணுகிறது? 1991இல் வெளியான யூனிகோட்டின் முதல் பதிப்பில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டியது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். அதில் ககரத்தின் எண் 2965. இந்த ககரம் ஏற்கெனவே அகரம் ஏறிய உயிர்மெய். மெய் வேண்டுமென்றால் புள்ளியைப் (3021) பின்னால் சேர்க்க வேண்டும். தொல்காப்பியமும் நன்னூலும் போகும் திசை இதற்கு நேர் எதிர்: க் என்பது முதல், அதன்மேல் அகரம் ஏறினால் க. இலக்கணம் கூட்டும் இடத்தில் கணினி கழிக்கிறது. இரண்டும் ஒரே எழுத்தில்தான் வந்து சேர்கின்றன, ஆனால் வழியில் எண்ணிக்கை பிறழ்ந்துவிடுகிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் டேஸ்16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்றது. அதில் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் உலகத்தின் கணினிகளும் கைப்பேசிகளும் யூனிகோட்டில்தான் பேசுகின்றன. பள்ளிப் பிள்ளை அதோடுதான் குடித்தனம் செய்தாக வேண்டும்.

மருந்து எளிது. சொல்லை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வந்த குறியீட்டெண் 3006 முதல் 3021 வரையிலான ஒன்றாக இருந்தால், அல்லது 3031 ஆக இருந்தால், அது உயிர்க்குறியோ புள்ளியோதான். அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். வேறெதுவாக இருந்தாலும் அது புதிய எழுத்தின் தொடக்கம். அவ்வளவுதான், ஒரு சுழற்சியும் ஒரு நிபந்தனையும். இப்படிக் கிடைக்கும் பட்டியலைத்தான் கலைக்க வேண்டும். மெய்யின்மேல் உயிர் ஊர்ந்து வருவது என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பாடம் இங்கே நிரலாகிவிடுகிறது. பைத்தானின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழில் பெயரிடவும் விடுகிறது. 'சொல்', 'எழுத்துகள்', 'நடு' என்றே எழுதலாம். எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முன்முயற்சியில் வந்த 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நூலகத்தில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் தொடக்க மாணவர் அதை எடுத்துப் பயன்படுத்துவதற்கு முன் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன்.

எழுதும்போதே இரண்டு முடிச்சுகள் வரும். ஒன்று, ஒகர உயிர்மெய். கொ என்பதில் வரும் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம்; ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கொழிஞ்சாம்பாறையின் நீளம் ஒரு கோப்பில் 14 என்றும் இன்னொரு கோப்பில் 15 என்றும் வந்தால் காரணம் இதுதான். எழுத்தாகப் பிரித்துவிட்டால் இரண்டிலும் ஏழு. மற்றது, கிரந்த எழுத்து. கேரளத்தில் 2002இல் தொடங்கி இன்று ஊருக்கு ஊர் இயங்கும் 'அக்ஷயா' மையத்தின் பெயர்ப்பலகையை நிரலுக்குக் கொடுத்தால் க், ஷ என்று இரண்டாகப் பிரித்து, 'அஷக்யா' என்று கொடுக்கும். க்ஷ ஓர் எழுத்து என்பதை விதிவிலக்காகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அட்சயா என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை என்று தமிழாசிரியர் சொல்லக்கூடும். அதற்கு நான் நடுவராக இருக்க விரும்பவில்லை.

எல்லைப்புறப் பிள்ளைக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. பாலக்காடு என்று தமிழில் எழுதினால் ஒன்பது குறியீட்டெண். மலையாளத்தில் அந்த ஊரை எழுதினாலும் ஒன்பதுதான். கணினியின் கணக்கில் இரண்டும் சமம். எழுத்தாக எண்ணினால் தமிழில் ஐந்து: பா, ல, க், கா, டு. மலையாளத்தில் இரட்டித்த ககரம் ஒரே கூட்டெழுத்து, அங்கே நான்குதான். மேலே சொன்ன ஒட்டும் விதியை மலையாளத்துக்கு அப்படியே கொண்டுபோனால் கூட்டெழுத்து உடைந்துவிடும். உலகத்தரமே இதில் வெகுநாள் தடுமாறியது. பயனரின் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது எது என்று வரையறுக்கும் யூனிகோட் விதியில், கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் திருத்தம் 2023இல் வந்த 15.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அது மலையாளம், தேவநாகரி, வங்காளம், தெலுங்கு முதலியவற்றுக்குப் பொருந்தும். தமிழுக்கு வேண்டியதில்லை, ஏனென்றால் புள்ளி வைத்த மெய்யைத் தமிழ் தனியெழுத்தாகவே எண்ணுகிறது. வீட்டில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று என்று இரண்டு எழுத்தையும் புழங்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு விளக்காமலே விளங்கும். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இதை வகுப்பில் புரியவைக்க நேரம் பிடிக்கும்.

இனிக் கலைப்பு. தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்: ஒவ்வோர் இடத்துக்கும் போ, பட்டியலில் ஏதேனும் ஓர் இடத்தைத் தற்செயலாகத் தேர்ந்து இரண்டையும் மாற்று. நியாயமாகத்தான் தோன்றும். மூன்று எழுத்துக்கு இதன் வழிகள் 27. கிடைக்கக்கூடிய வரிசைகள் ஆறு. 27ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. ஆகவே சில வரிசைகள் 27இல் ஐந்து முறையும் சில நான்கு முறையும் வரும், குலுக்கல் கோணல். சரியான முறை, ஒருமுறை வைத்த எழுத்தைத் திரும்பத் தொடாமல் மீதியிலிருந்து மட்டும் எடுப்பது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் தாளும் பென்சிலும் கொண்டு செய்யச் சொன்ன முறை. 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்ப வடித்தார். பைத்தானின் 'ஷஃபிள்' செய்வதும் இதையே.

கலைத்ததும் மூலச்சொல்லே திரும்ப வந்துவிடலாம். வந்தால் மறுபடி கலை, வேறாகும்வரை விடாதே என்று ஒரு வரி சேர்ப்பார்கள். மூணாற்றில் அந்த நிரல் மாட்டிக்கொள்ளும். மூ, ணா, று. நடுவில் ஒரே எழுத்து. எத்தனை முறை குலுக்கினாலும் மூணாறு மூணாறுதான். நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு எழுத்தாவது உண்டா, நடு எழுத்துகள் வேறுவேறா என்று முன்கூட்டியே கேட்டாக வேண்டும். நகரம் என்று கொடுத்தால் வேறு வழியே இல்லாமல் நரகம் வரும். நிரலில் தவறில்லை, பேருந்து நெரிசலில் சிக்கியவர்கள் நிரல் இல்லாமலே கண்டுபிடித்த விடைதான்.

இவ்வளவும் செய்து முடித்தபின் இன்னொன்று புலப்படும்: எழுத்துக் கணக்கில் சரியாகக் கலைத்த தமிழ்ச் சொல்லை விடுவிப்பது எளிதாகவே இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையின் நடுவில் ழி, ஞ், சா, ம், பா என்று ஐந்து எழுத்து, 120 வரிசைகள். ஆனால் ஞ் என்று கண்டதும் அதன்பின் சகரம்தான் வரும் என்று தமிழ்க் கண் அறிந்திருக்கிறது. ம் கண்டால் பகரத்தைத் தேடுகிறது. ஞ்சா, ம்பா என்று இரண்டு இணைகளைக் கட்டிவிட்டால் மிஞ்சுவது மூன்று துண்டு, ஆறே வரிசை. மெய்ம்மயக்கம் என்று எழுத்ததிகாரம் வகுத்த விதி 120ஐ ஆறாகக் குறைக்கிறது. தமிழ்ச் சொல் புதிரைக் கடினமாக்க விரும்பும் பிள்ளை, மெல்லின மெய் வராத சொல்லாகத் தேட வேண்டும். இலக்கண வகுப்பில் தூங்கியவரும் இந்த ஆட்டத்தில் மயக்க விதியைத் தானாகவே கண்டெடுப்பார்.

தமிழுக்கு எழுத்தைக் கணக்கிட்டு ஆடும் பழக்கம் புதிதும் இல்லை. தண்டியலங்காரம் சித்திரகவிகளை வகைப்படுத்துகிறது. சம்பந்தர் முன்னும் பின்னும் ஒன்றாக வரும் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடினார். அந்தக் கவிகள் எண்ணியது எழுத்தை. இன்றைக்குப் பைத்தானில் விகடகவியைத் திருப்பிப் போட்டால் '◌ிவகடகிவ' என்று வருகிறது. முன்பின் ஒத்த சொல்லுக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்லையே, இல்லை, ஒத்துப்போகவில்லை என்று மறுத்துவிடுகிறது அந்த நிரல். சொல்லைத் திருப்புவது, எழுத்தை எண்ணுவது, அகரவரிசைப்படுத்துவது என்று தொடக்கப் பயிற்சிகள் எதை எடுத்தாலும் இதே குழிதான். ஆங்கில நூலின் பயிற்சியை வரிக்கு வரி தமிழாக்கி, உதாரணச் சொல்லை மட்டும் ஆங்கிலமாகவே விட்டுவைத்தால் குழி கண்ணில் படாது. பிள்ளை தன் பெயரைத் தமிழில் தட்டிப் பார்க்கிற அன்று விழுந்துவிடும். தவறு தன்னுடையது என்றோ, கணினிக்குத் தமிழ் ஆகாது என்றோ அது நினைத்துக்கொள்ளும். இரண்டும் உண்மையில்லை.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. தமிழ் வழி நூலில் சரம் பற்றிய பாடத்துக்குமுன் எழுத்தைப் பிரிக்கும் அந்தச் சிறு செயற்கூறை வையுங்கள். அதை எழுதும்போது தமிழாசிரியர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பயிற்சிச் சொற்களாக ஆப்பிளையும் பனானாவையும் விட்டுவிட்டு மறையூரையும் கொழிஞ்சாம்பாறையையும் கொடுங்கள். லிட்டில் கைட்ஸ் நடத்தும் ஆசிரியர்கள் நூல் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பிற்பகல் வகுப்பில் இதை முடித்துவிடலாம்.